தாய் மீன்

தூங்குகிற குழந்தையின் காதிலிருந்து கம்மலைக் கழற்றுவதுபோல, மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தார் மச்சான். எட்டு கிலோவுக்குக் குறையாது. இரண்டு கையிலும் ஏந்தி ஏரிக்குள் இறக்கி, அது வாலைச் சுழற்றி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி அதைப் பிடித்தவன் அவன்தான்.

"பெருசு வேணாம் மாப்ள. அதெல்லாம் தாய் மீனு. ஒண்ணை அடிச்சா லட்சம் குஞ்சு போச்சு."

ஞாயிறுதோறும் தூண்டிலோடு வருகிறவர்கள் மச்சானைச் 'சாமியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரசாயனக் கம்பெனியில் பம்ப் ரூம் வேலை. மீனை வாயில் வைக்க மாட்டார். தொட்டால்கூட, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். 'பெரிய மீனை விட்டுவிடுங்கள்' என்று கரையில் ஒரு பலகைகூட நட்டிருந்தார்.

யாராவது கையளவு மீனை எடுத்துப் போனால் தடுக்க மாட்டார். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார்.

வியாழக்கிழமை மதியம், மச்சான் ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மெக்கானிக் கடையைச் சாத்திவிட்டுத் தனியாக ஏரிக்குப் போனான். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம். எதைத் தின்றாலும் குமட்டியவளுக்கு ஆரம்பத்திலிருந்தே மீன் மட்டும்தான் உள்ளே தங்கியது.

அன்றைக்கும் அவனுக்கு நல்ல யோகம். மீனை வெட்டவே அரை மணி நேரம் ஆனது. அவள் சமையலறையில் உட்கார்ந்து, பொரித்த துண்டுகளை முள் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க அவனுக்கு மனசு நிறைந்திருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். கரண்ட் போய் ஷிப்ட் பாதியில் முடிந்ததால், தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மச்சான் வந்திருந்தார்.

தொட்டிக்குள் கிடந்த மீன் தலையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. "எங்க பிடிச்சது?"

"நம்ம ஏரியிலதான்ணே," என்றாள் தங்கை.

அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினார். அடுப்பிலிருந்த சட்டியையும் தூக்கினார். மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க சாமியார்த்தனத்தை ஏரிக்கரையோட வச்சுக்கங்க மச்சான். மீனு மேல இருக்கிற இரக்கம் கூடப் பொறந்தவ மேல இல்லையா? அவ வயித்துல ஒரு உசுரு வளருது."

மச்சான் சட்டியை விட்டுவிட்டுத் தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மட்டும்தானம்மா சாப்பிட்ட?"

அவள் கணவனைப் பார்த்தாள். "இல்லண்ணே. மூணாம் மாசத்துலேர்ந்து வாரா வாரம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவருதான்…"

"சத்து வேணும்ல," என்றான் மெக்கானிக். "நானும் பெரிய மீனா பாத்துப் பாத்துத்தான் கொண்டாருவேன்."

மச்சானுக்கு உதடு கோணியது. உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தார். தங்கையின் வயிற்றை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"தாய் மீனுன்னு சொன்னது சும்மா. யாரும் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு சொன்னது. பெரிய மீனு உடம்புலதான் மாப்ள அது நிறைய சேரும்."

"எது?"

"அந்த ஏரிக்குள்ள நான் திறந்து விடுற விஷம்."