திரைக்குப் பின்னால் ஒரு படகு

“அந்தப் படகை இன்னிக்கே அழிச்சாகணும்” என்றார் அம்மையார்.

ஆயுள் முழுவதும் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். நகராட்சியின் நீண்ட மதிலில் நகர வரலாற்றை ஓவியமாகத் தீட்டப்போவதாக அறிவிப்பு வந்த நாள்முதல், ஊரே தத்தம் தாத்தாக்களுக்கு அதில் இடம் கேட்டுச் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. ஆதாரம் இல்லாமல் தாம் வாய் திறப்பதில்லை என்று அவர் மட்டும் ஒதுங்கியிருந்தார். இன்று காலை மதிலை மூடியிருந்த பச்சைத் திரையின் கிழிசலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். ஆதாரம் கிடைத்துவிட்டது.

உடனே தம்பியையும் நகராட்சி ஆணையரையும் கையோடு அழைத்து வந்துவிட்டார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் தானாக வந்தது.

மதிலடியில் உட்கார்ந்திருந்த ஓவியர் எழுந்து நின்றார். சட்டையில் ஒரு பொட்டு வண்ணம் இல்லை. தூரிகைகள் கயிறு அவிழாமல் கட்டோடு இருந்தன. அந்த ஒழுங்கு ஒன்றுதான் அம்மையாருக்கு அவரிடம் பிடித்தது.

“எந்தப் படகும்மா?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. வெள்ளத்துல ஊரே முங்குது. எங்க தாத்தா முதுகைக் காட்டிக்கிட்டுத் தனியாப் படகுல போறார். மடியில பறவைக் கூண்டு வேற.”

கூட்டம் பக்கத்திலிருந்த அந்தத் தாத்தாவின் சிலையை நிமிர்ந்து பார்த்தது. வெள்ளத்தின்போது கடைசி ஆள் கரையேறும்வரை ஊரைவிட்டு நகராத நகரத் தலைவர் என்று பீடத்தில் எழுதியிருந்தது. அந்த வாசகத்தில் ஓர் ஒற்றுப்பிழைகூட வராமல் பார்த்துக்கொண்டவர் அம்மையாரே.

“இந்தப் படம் இருந்தா நாளைக்கே சிலையைத் தூக்கச் சொல்லுவாங்க” என்றார் அவர்.

தம்பி நெளிந்தார். “அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். வா.”

“நீ சும்மா இருடா. நம்ம வீட்டு நாலு சுவரைத் தாண்டாத விஷயம் இந்தச் சுவருக்கு எப்படி வந்துச்சு? நீ எங்கயாவது உளறினியா?”

“நான் உளறலைக்கா” என்றார் தம்பி, ‘நான்’ என்பதைச் சற்று அழுத்தி.

ஆணையருக்கு வேர்த்தது. “ஏங்க, நாங்க அனுமதிச்ச படத்துல படகே கிடையாதே. திரையை இறக்குங்க, பார்ப்போம்.”

“இறக்கட்டும். ஊரே பார்த்து நியாயம் சொல்லட்டும்” என்றார் அம்மையார்.

திரை இறங்கியது.

மதில் முழுவதும் வெள்ளை. நடுவே மழைநீர் கசிந்து பழுப்பாய்ப் படர்ந்த ஒரு கறை. படகு என்றால் படகு. எருமை என்றால் எருமை.

“இன்னும் ஒரு கோடுகூடப் போடலைம்மா. சுவர் காயட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன்” என்ற ஓவியர், மிகுந்த பணிவோடு தூரிகைக் கட்டை அவிழ்த்தபடி கேட்டார்.

“கூண்டுல இருந்தது கிளியாம்மா, மைனாவா?”