வைஃபை அட்டைக்கு இரண்டு மேலாளர்கள்

பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியவர், வைஃபை அட்டையை ரவுட்டரோடு இணைத்துவைக்க ஒரு மேலாளர் நிரல் போதாதென்று இரண்டு பேரை அமர்த்தினார். மூத்தவர் இணைத்ததும், "இதெல்லாம் ஓர் இணைப்பா?" என்று இளையவர் அதைத் துண்டித்துவிட்டுத் தம் முறைப்படி இணைப்பார். மூத்தவர் பொறுப்பாரா? அதை உடனே துண்டிப்பார்.

"ஐயா, யாராவது ஒருத்தர் சும்மா இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன். இன்றும் இணைப்பு நிற்காவிட்டால் மடிக்கணினிக்காரர் என்னைக் கழற்றிவிடப் போகிறார்" என்று அட்டை கெஞ்சியது.

"உம்மைத்தான் சொல்கிறது, கேட்டுக்கொள்ளும்" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னார்கள்.

மாலையில் அட்டை கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தது. உள்ளே வந்த புது அட்டைக்கு இருவரும் ஒரே குரலில் தைரியம் சொன்னது பழைய அட்டையின் காதில் விழுந்தது:

"போனது வெறும் நோஞ்சான். நீ கலங்காதே தம்பி, உனக்கு நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்."