கன்னிமூலையில் ஒரு வாய்க்கால்

"வடிவு, பைப்பைத் தொற!" என்று நான் கத்தியபோது துலாமாத, அதாவது ஐப்பசி, வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பைப் திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

நானும் கொத்தனார் தங்கபாண்டியும் மதிலோரம் குந்தியிருந்தோம். வெட்டிய வாய்க்காலில் பிவிசி குழாய் பதித்தாகிவிட்டது. முன்புறம் திறந்துவிடும் தண்ணீர் வருகிறதா என்று, மதில் துளையை ஒட்டிய அதன் கடைசி வாயைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கபாண்டியின் மனைவி வடிவம்மாள் முன்புறம், சிட்அவுட் என்கிற வெளித்திண்ணைப் பக்கத்திலுள்ள தண்ணீர்ப் பைப்படியில் நிற்கவேண்டியவள். வீட்டு மூலை மறைப்பதால் இங்கிருந்து பைப்படி தெரியாது.

நாளைக் காலை கொச்சியிலிருந்து புல் வருகிறது. பிளாஸ்டிக் புல்.

துபாயிலிருக்கும் என் மகள் ஷீனாவின் யோசனை அது. பக்கவாதம் வந்து ஏழு மாதமாக அவள் அப்பா நாற்காலியில் இருக்கிறார். வழுக்காத, மெத்தென்ற தரையில் வெறுங்காலோடு நடந்து பழகவேண்டும் என்று பிசியோதெரப்பிஸ்ட் சொன்னதும், அங்கே ஏதோ ஹோட்டல் வாசலில் பார்த்த புல் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

புல்லுக்கு அளவெடுக்க வந்தவர் முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சிட்அவுட்டில் உட்கார்ந்து சாயா குடித்தார். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது. இந்தக் களிமண்ணில் விரித்தால் ஒரே மழையில் புல் மிதக்கும், முதலில் தண்ணீர் வெளியே போக வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

களிமண் தானாக வரவில்லை. என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி கொண்டுவந்து கொட்டியது.

தொண்ணூற்றைந்தில் நேமத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது தென்மேற்கு மூலை பள்ளமாக இருந்தது. அது கன்னிமூலையாம். அங்கே பள்ளம் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிற மனுஷனுக்கு, வாஸ்து விஷயத்தில் மட்டும் மேஸ்திரி சொன்னதுதான் வேதவாக்கு. எங்கேயோ குளம் தூர்வாரிய மண்ணை நான்கு லாரி இறக்கி அந்த மூலையை மேடாக்கினார். அன்றிலிருந்து மழைத்தண்ணீர் போக்கிடமில்லாமல் நடுமுற்றத்தில் நிற்கிறது.

போன ஜூன் மழையில், வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய புதிதில், அந்தத் தண்ணீரில்தான் சறுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனசு விட்டுப்போய்விட்டது. அதன்பிறகு மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம்.

தங்கபாண்டி ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துவிட்டு ஒரே ஒரு வழிதான் சொன்னார். கன்னிமூலையை வெட்டி, மதிலைத் துளைத்து, ரோட்டோர ஓடையில் விடவேண்டும்.

"வேண்டா," என்றார் என் வீட்டுக்காரர்.

நோய் மிச்சம் வைத்த நாலைந்து சொற்களில் அதுதான் தெளிவாக வரும். மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் அதையே சொன்னார். இன்று காலை மண்வெட்டியை எடுக்கும்படி தங்கபாண்டியிடம் சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பேச்சை மீறியது இதுதான் முதல் தடவை என்று சொன்னால் பொய். அவர் கண்முன்னாலேயே மீறியது இதுதான் முதல் தடவை.

அப்போதிருந்து சிட்அவுட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கஞ்சியைத் தொடவில்லை.

எனக்குக் கோபம்தான். கோபத்தைவிடப் பயம். தண்ணீர் போகாவிட்டால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் இந்த மனுஷன் இனி அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

"வடிவு! காது கேக்கலியா?"

முன்புறம் பைப் சீறுகிற சத்தம் கேட்டது.

குழாயின் வாயிலிருந்து முதலில் ஓர் எறும்பு அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடியது. அதன் பின்னால் சாயா நிறத்தில் தண்ணீர் வந்தது. முதலில் நூல்போல, பிறகு கைப்பருமனுக்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடையில் கொட்டுகிற சத்தம் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வந்துட்டும்மா!" என்று தங்கபாண்டி தொடையில் தட்டிக்கொண்டார்.

அப்போது பக்கவாட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வடிவம்மாள் உள்ளே வந்தாள். தலையில் ஜல்லிக்கூடை. ரோட்டில் லாரி கொட்டிவிட்டுப் போனதை அள்ளப் போயிருந்தாளாம்.

தங்கபாண்டி அவளையே பார்த்தார். "நீ இங்கயா நிக்க? அப்பப் பைப்பைத் தொறந்தது யாரு?"

நான் ஓடினேன். ஒரு செருப்பு களிமண்ணில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினேன்.

சிட்அவுட்டில் நாற்காலி காலியாக இருந்தது.

பைப்படியில் இவர் நின்றுகொண்டிருந்தார். இடதுகை பைப்பின் திருகில் இருந்தது. வேட்டி முழங்கால்வரை சேறு.

பிடிக்கப் போனேன்.

"வேண்டா," என்றார்.

பிறகு மோவாயால் கன்னிமூலைப் பக்கம் காட்டி, புருவத்தை உயர்த்தினார்.

"தண்ணி போச்சு," என்றேன். "எல்லாம் போச்சு."

திருகை அவரே அடைத்தார். அதற்கப்புறம்தான், என் பின்னால் ஓடிவந்த வடிவம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

சிட்அவுட் படியிலிருந்து பைப்படிவரை ஆறு காலடிகள் இருந்தன. இடதுகால் ஐந்து விரலும் தெரியப் பதிந்திருந்தது. வலதுகால் பதிந்த இடத்திலெல்லாம் பின்னால் இழுத்த கோடு. கடைசி வலதுகாலில் மட்டும் கோடு இல்லை. அதைத் தூக்கி வைத்திருக்கிறார். வேறு மண்ணாக இருந்தால் இவ்வளவு பிடித்து வைத்திருக்காது.

மழை தூறத் தொடங்கியது.

நாளைக்குப் புல்லுக்கு அடியில் போட வாங்கிய பாறைப்பொடி வெளியே குவிந்து கிடந்தது. அதை மூடுவதற்கென்று ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கிய ஒரே தார்ப்பாயை எடுத்துக்கொண்டு தங்கபாண்டி ஓடிவந்தார்.

அவர் கையிலிருந்து அதை வாங்கி அந்த ஆறு காலடிகளின்மேல் விரித்தேன். நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன்.