காசிச் சால்வை

"எனக்கு சொறி வந்துகீதும்மா. உங்களுக்கும் ஒட்டிக்கினு இருக்கும். இந்த மருந்தப் பூசிக்கோங்க. கழுத்துலேந்து கால் வரைக்கும், வூட்டுல அல்லாரும் ஒரே நாள்ல."

வேலைக்கு வந்த முனியம்மா உள்ளே வராமல், குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நின்று ஒரு புட்டியை நீட்டினாள்.

லோகநாயகிக்கு ஒன்றும் புரியவில்லை. பாத்திரம் தேய்க்கிறவள் தனக்குச் சொறி என்று தானே வந்து சொல்வாளா? வேலை போய்விடுமே! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவள் உண்டா?

ஆனால் பத்து நாளாக, இருட்டினால் போதும், லோகநாயகிக்கு அரிப்பு. வீட்டுக்காரர் சுப்புராமனுக்கும் அரிப்பு. வெயில், உப்புக்காற்று, கத்திரிக்காய் என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுப் பார்த்தாயிற்று.

"ஓகோ, இது உன் கைங்கரியமா? போன மாசம் ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே, காசியில உனக்குன்னே வாங்கின சால்வையைக் கொடுத்தேனே, அதுக்கு இதுவா பதில்? இனிமே இந்தப் பக்கம் வராதே!"

முனியம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "மருந்து மட்டும் பூசிக்கோங்கம்மா" என்று புட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதுவும் குழப்பம்தான். வேலையை விட்டு நிறுத்தினால் தெருவே கூடும்படி கத்துவார்கள். இவள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

அவள் கொடுத்த மருந்தைத் தொடுவதாவது! சாயங்காலமே புருஷனை இழுத்துக்கொண்டு புதுப்பட்டினம் டாக்டர் தேவசகாயத்திடம் போனாள்.

டாக்டர் விரல் இடுக்குகளைப் பார்த்தார். "சொறிப்பூச்சி. தோலுக்குள்ள துளைச்சு முட்டை வைக்கும். சமீபத்துல வெளியூர் போனீங்களா?"

"ஆபீஸ்ல கொடுக்கிற எல்.டி.சி. பயணச் சலுகையில காசிக்குப் போனோம் டாக்டர். சத்திரத்துல தங்கினோம். அவங்க கொடுத்த ரஜாய்ப் போர்வையிலதான் படுத்தோம். வந்து ஒரு மாசம் ஆச்சு" என்றார் சுப்புராமன்.

"அங்கேதான் ஏறியிருக்கும். அரிப்பு தெரிய மூணு, நாலு வாரம் ஆகும்."

"இல்லை டாக்டர், எங்க வேலைக்காரிகிட்டேயிருந்துதான்! அவளே வந்து ஒத்துக்கிட்டா!" என்றாள் லோகநாயகி.

டாக்டர் நிமிர்ந்தார். "யாரு, முனியம்மாவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முந்தாநாள் பிள்ளைங்களோட வந்துச்சு. எல்லார் உடம்புலயும் இருந்தது. வெளியூரே போகாத உனக்கு எப்படின்னு கேட்டேன். வேலை செய்யற வீட்டுல காசிச் சால்வை கொடுத்தாங்க, அன்னிக்கே பிள்ளைங்களுக்குப் போர்த்தினேன்னுச்சு. புதுச் சால்வையில வராதேன்னு சொன்னேன்."

லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"புதுசா? குளிர் தாங்காம ஆறு ராத்திரியும் நீதானே அதைப் போர்த்திக்கிட்டே?" என்றார் சுப்புராமன். நல்ல மனிதர், எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று மட்டும் தெரியாது.

டாக்டர் பேனாவை மூடினார்.

"அந்த வீட்டுக்காரங்களுக்கும் இருக்கும், விஷயத்தைச் சொல்லி மருந்து போடச் சொல்லும்மான்னேன். இன்னொரு புட்டியும் எழுதி வாங்கிக்கிச்சு. போறப்ப சொல்லிச்சு: 'நீங்க போர்த்தின சால்வையாலதான் வந்துச்சின்னு நான் போய்ச் சொன்னா, அந்தம்மா குறுகிப் பூடும் சார். என்னால வந்துச்சின்னே சொல்லிக்கிறேன்.'"