மாற்றுக் கட்சியினர் நாற்பது பேர்

"நாப்பது பேர் வராங்கன்னு தலைவர்கிட்ட சொல்லிட்டியே அண்ணாத்தே, எங்க அந்த நாப்பது?"

செங்கல்வராயன் கேட்ட விதத்தில் கவலை கொஞ்சம்கூட இல்லை. குஷிதான் வழிந்தது.

தசரதன் கரையான்சாவடி கல்யாண மண்டப வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உழைப்போர் பேரவை உடைந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பெயருக்கு முன்னால் 'அசல்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, கொடியில் மேலே இருந்த மஞ்சளைக் கீழே இறக்கியதும் புதுக் கட்சி பிறந்துவிட்டது. பழைய கொடியையே தலைகீழாகக் கட்டினால் போதும் என்பதால் தொண்டர்களுக்குச் செலவும் இல்லை.

பிறந்த குழந்தைக்கு அதற்குள் இரண்டு கோஷ்டி. இருப்பது ஒரே ஒரு நகரச் செயலாளர் பதவி. ஆசைப்பட்டவர்கள் தசரதன், செங்கல்வராயன் இருவரும். தாய்க் கட்சியிலிருந்து நாற்பது பேரை இழுத்து வந்து இணைப்பு விழா நடத்திக் காட்டுகிறேன் என்று தலைவரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டார் தசரதன். இத்தனை வருஷம் போஸ்டர் ஒட்டியும் ஒரு பதவிகூட வந்ததில்லை. இதையும் கோட்டை விட்டால் வீட்டில்கூட யாரும் மதிக்க மாட்டார்கள்.

நேற்றுவரை தலையாட்டியவர்கள் இன்று போனை எடுக்கவில்லை. வந்து சேர்ந்தவர் அவருடைய மச்சான் மட்டும்தான். அவர் எந்தக் கட்சியிலும் இருந்ததே இல்லை.

"எல்லாம் அந்த ஜெகதீசன் வேலை. என் ஆளுங்களை மெரட்டி வெச்சிகீறான்" என்று பல்லைக் கடித்தார் தசரதன்.

ஜெகதீசன், பாரிவாக்கத்தில் தாய்க் கட்சியின் கிளைச் செயலாளர். ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் தசரதன், செங்கல்வராயன், ஜெகதீசன் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பசை வாளி. கட்சி உடைந்ததிலிருந்து தசரதனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தூரத்தில் தலைவரின் கார் தெரிந்தது. காருக்கு முன்னால் வந்த இரண்டு வேன்கள் மண்டபத்து வாசலில் நின்றன. திமுதிமுவென்று ஜனம் இறங்கியது.

"பாரிவாக்கத்துலேர்ந்து வரோம். உங்க கட்சியில சேரணும்" என்றாள் முன்னால் நின்ற முனியம்மா என்ற பெண்.

தசரதனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. போன மாதம் பாரிவாக்கம் தெருமுனையில் தொண்டை கிழியப் பேசியது வீண்போகவில்லை! செங்கல்வராயன் முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் என்ன, மேடையில் வெளுத்துக்கட்டினார் தசரதன்.

"ஜெகதீசன் ஒரு துரோகி! கூடப் பழகினவன் குழியில விழுந்தா, மேல மண்ணைத் தள்ற ஆளு!"

கைத்தட்டல் அடங்கியதும், முனியம்மாவுக்குத் துண்டு போர்த்திய தலைவர் மைக்கை நீட்டினார்.

"தாயே, அந்தக் கூடாரத்தைவிட்டு ஏன் வெளியேறினீர்கள்?"

"ஜெகதீசன் மாதிரி ஆளு கீற கட்சியில மானம் ரோசம் உள்ளவங்க இருக்க முடியாதுங்க!"

விசில் பறந்தது. தலைவர் அந்த மேடையிலேயே தசரதனை நகரச் செயலாளராக அறிவித்தார்.

விழா முடிந்ததும் தசரதன் வேனுக்கு ஓடினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. என் பேச்சுல எது உங்க மனசை மாத்துச்சு?"

"உன் பேச்சா? நான் கேக்கவே இல்லியே நைனா" என்றாள் முனியம்மா. "ஜெகதீசன் அண்ணன்தான் அனுப்புனாரு. எங்க ஊட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் காசு வாங்காம ஷாமியானா போடற மனுசன். 'தசரதன் மேடையில தனியா நிக்கக் கூடாது, போய்ட்டு வாங்க'ன்னாரு. மாட்டோம்னு சொல்ல முடியுமா?"

"அப்ப, மைக்குல அவனையே திட்டினியே?"

"அதையும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. அப்பத்தான் உங்காளுங்க நம்புவாங்களாம்."

வேன் கிளம்பிவிட்டது. தோளில் கிடந்த பொன்னாடை தசரதனுக்குக் கனத்தது. துரோகி என்று கத்திய வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பாரிவாக்கம் போனார். ஜெகதீசன் கடை வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க நகரச் செயலாளரே!"

"மேடையில உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்டா" என்றார் தசரதன், கண் கலங்க.

"பார்த்தேன், எவனோ வீடியோ அனுப்புனான். இன்னும் கொஞ்சம் காரமாத் திட்டியிருக்கலாம்."

"இதுக்கு நான் இன்னாடா பண்ணணும்? சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேணாம். அடுத்த மாசம் எங்க தலைவர் வராரு. அந்த நாப்பது பேரும் மனம் திருந்தி தாய்க் கட்சிக்கே திரும்பறாங்க. நீ கண்டுக்காத."

தசரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "போறாங்க போ. அதுவரைக்கும் என் கட்சியிலதான இருப்பாங்க?"

ஜெகதீசன் பிடரியைச் சொறிந்தார்.

"அதுலதான் ஒரு சிக்கல். வர ஞாயித்துக்கெழமைக்கு அதே நாப்பது பேரை செங்கல்வராயன் கேட்டுகீறான். உனக்குப் பதவி குடுத்துட்டாங்களாம், 'மெய்யான அசல் உழைப்போர் பேரவை'ன்னு தனிக்கட்சி ஆரம்பிக்கிறான்."

"டேய்! என் கட்சியை உடைக்கிறவனுக்கா ஆள் குடுக்கற?"

"இன்னாடா பண்றது? அவனும் நம்மகூடப் பசை வாளி தூக்கினவன்தான? பாவம், மேடையில தனியா நிக்கக் கூடாதுல்ல!"