மாஸ்டர் சாப்பிட வந்தார்

“மீனை ஒரே இடத்துல நிறுத்தி வைக்காதப்பா, இந்தப் பக்கம் சுத்தி விடு!” என்றார் பஸ் டிரைவர்.

மேசை நடுவில் இருந்த கண்ணாடி வட்டத்தை மாஸ்டர் மெல்லச் சுழற்றினார். இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி ஆவியில் வெந்த முழு மீன், டிரைவர் முன்னால் போய் நின்றது.

அந்தச் சைனீஸ் ஓட்டலின் அடுப்படியில் இருபது வருடம் நின்றவர் மாஸ்டர். சாப்பிடுகிற பக்கம் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். கூடவே மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளிக்கூட நாளிலிருந்து விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த டிரைவர்.

விருந்து சும்மா இல்லை. முதுகு வலி, இனிமேல் அடுப்பில் நிற்க முடியாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். பெரிய ஓட்டலிலிருந்து ஒருவரைக் கூட்டிவர முதலாளி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மாஸ்டர்தான் குறுக்கே விழுந்தார்.

“பன்னெண்டு வருஷமா என் பக்கத்துல நிக்கிறாங்க நூடுல்ஸ் அக்கா. ஒரு வேளை அவங்க சமைக்கட்டும். சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“உங்க நாக்கு சரின்னா எனக்கும் சரி” என்று முதலாளி ஒதுங்கிக்கொண்டார்.

ஆக, இன்று மாஸ்டர் தலையாட்டினால் பெரிய அடுப்பு அக்காவுக்கு. இல்லையென்றால் நாளையிலிருந்து யாரோ ஒரு புது ஆளுக்குக் கீழே அவர் மறுபடியும் நூடுல்ஸ்தான் வேகவைக்க வேண்டும்.

“மீன் எப்படி? உப்பு சரியா இருக்கா?” என்றார் மாஸ்டர்.

“வாயில வச்சா வெண்ணெயா கரையுது. பேச விடாதே” என்றார் டிரைவர்.

“நீ சொல்லும்மா. சூப்புல புளிப்பு?”

“சூப்பர்ப்பா. புளிப்பு முன்னாடி வருது, காரம் பின்னாடி மெதுவா வருது” என்றாள் மகள், கிண்ணத்தை வழித்தபடி.

“மெதுவான்னா எவ்வளவு மெதுவா? கண்ணுல தண்ணி வருதா?”

டிரைவர் கரண்டியைக் கீழே வைத்தார். “ஏம்ப்பா, நீ சாப்பிட வந்தியா, வாக்குமூலம் வாங்க வந்தியா?”

“அதை ஏன் கேக்குறீங்கண்ணே!” என்று மனைவி பிடித்துக்கொண்டாள். “முன்னெல்லாம் என் சமையல்ல ஒரு கல்லு உப்பு கூடினா வீட்டை ரெண்டாக்குவாரு. இப்ப எதைப் போட்டாலும் மூச்சு விடாம சாப்பிட்டுட்டு எந்திரிச்சுடுறாரு. என் கைக்கு இப்பத்தான் பக்குவம் வந்திருக்குன்னு நானும் சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன். இங்க வந்து வட்டியும் முதலுமா கேக்குறாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். ஆனாலும் அவர் கண் ஒவ்வொருவர் வாயையும் விட்டு நகரவில்லை.

பூண்டு போட்ட கீரை வந்தது. பச்சை மாறாமல், கடித்தால் நறுக்கென்றது. ஃப்ரைட் ரைஸ் வந்தது. பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாமல், எண்ணெய் மினுக்காமல், லேசான புகை வாசனையோடு இருந்தது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் காலையில் சொன்ன மகள் மூன்றாவது முறை போட்டுக்கொண்டாள். வாய் ஓயாமல் பேசுகிற டிரைவர் ஐந்து நிமிடம் ஊமையாகிவிட்டார். ஒரு சமையலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

பேச்சு வந்ததும் அவர் சொன்னார்: “தப்பா நினைக்காதே. நீ சமைச்சு இருபது வருஷமா சாப்பிடறேன். அதுலயும் கொஞ்ச மாசமா உன் கை எங்கேயோ போயிருச்சு. எங்க டெப்போவே மத்தியானம் இங்கதான் கெடக்குது. அதே ருசி அப்படியே இதுல இருக்குப்பா. நீதான் சமைச்சேன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்.”

மாஸ்டரின் முகம் பூரித்துவிட்டது. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நின்றவர் தன் கைப்பக்குவத்தை அப்படியே பிடித்துவிட்டார் என்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நூடுல்ஸ் அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

“நீங்க சொல்லுங்கண்ணே” என்றார் மாஸ்டரிடம்.

“பெரிய அடுப்பு இனிமே உன்னுதும்மா.”

டிரைவர் பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு விசில் அடித்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்.

மாஸ்டரால் உட்கார முடியவில்லை. கை கழுவும் சாக்கில் எழுந்து அவர் பின்னாலேயே போனார். கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“உன்கிட்ட மறைச்சா என் மனசு ஆறாதும்மா. எனக்கு முதுகுல ஒண்ணுமில்ல. போன மழையில காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து நாக்கு மரத்துப்போச்சு. உப்பு தெரியல, புளிப்பு தெரியல, ஒண்ணுமே தெரியல. கைப்பழக்கத்துலயே ஓட்டிட்டேன். ஒருநாள் யாராவது தட்டைத் தூக்கி எறிஞ்சிருவாங்கன்னு பயந்துதான் அடுப்பை விடறேன். இன்னிக்கும் அவங்க மூணு பேர் நாக்கை நம்பித்தான் உனக்குச் சரின்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லிடாதம்மா.”

அக்கா அடுப்பைத் தணித்தார்.

“இத்தனை மாசமா சொல்லாதவ இனிமேலா சொல்லப்போறேன்? காய்ச்சல் விட்டு நீங்க வேலைக்கு வந்த அன்னிக்கே தெரியும்ணே. அன்னிலேருந்து நீங்க அடுத்த வாணலிக்குத் திரும்பினதும், ஒரு கரண்டி எடுத்து ருசி பாத்து, உப்பு புளிப்பெல்லாம் சரிபண்ணித்தானே ஒவ்வொரு தட்டையும் வெளிய அனுப்பிக்கிட்டிருந்தேன்!”