இருபத்துநான்காவது ஊசி

கரமனையில் நீலாம்பாளின் தையல் அறைக்குள் கண்ணாடி ஓட்டு வழியாக வெயில் சதுரமாக இறங்கிக் கிடக்கிறது. ரவிக்கை வாங்க வந்த நாகலக்ஷ்மியின் குழந்தை உதைத்ததில் ஊசி டப்பா கவிழ்ந்துவிட்டது. தவழ்கிற குழந்தை, அம்மாவின் இடுப்பில் நிற்காமல் தரைக்குத் திமிறுகிறது. நீலாம்பாளுக்குப் பதற்றமே இல்லை. பழைய ரேடியோவில் கழற்றிய காந்தத்தை மல்துணியில் சுற்றி, தரை மெழுகுவதுபோல் மெல்ல நகர்த்துகிறாள். டிக், டிக்கென்று ஊசிகள் தாவி ஒட்டுகின்றன. துணியை உரித்து உதறியதும் மொத்தமும் டப்பாவில் விழுகின்றன. இருந்தவை இருபத்துநான்கு, எண்ணினால் இருபத்துமூன்று.

“எல்லாம் கிடைச்சுடுத்தோன்னோ? கை கடுக்கறது, எறக்கி விடட்டுமா?” என்கிறாள் நாகலக்ஷ்மி.

“நில்லுங்கம்மா, ஒண்ணு பாக்கி உண்டு.”

“தரையில ஒண்ணுமே தெரியலையே!”

“எனக்கும் தெரியல்ல. இதுக்குத் தெரியும்.”

குழந்தை சற்றுமுன் உட்கார்ந்திருந்த பாயின்மேல் காந்தம் ஊர்கிறது. கோரைகளுக்கு நடுவிலிருந்து மெல்லிய முனையொன்று தலைதூக்கி, டிக்கென்று ஒட்டிக்கொள்கிறது. நாகலக்ஷ்மி குழந்தையை இறுக்கிக்கொள்கிறாள். நீலாம்பாள் டப்பாவை மூடி மேலே வைக்கிறாள். பாய் முழுவதும் தன் வெறும் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தடவுகிறாள்.

“இனி விடுங்க, பிள்ளை இஷ்டம்போல தவழட்டும்.”